கண்ணாடி மணி தானா ஏன் வெடிக்குது? புதுசா கத்துக்கிறவங்களுக்கு அனீலிங் விளக்கம்

கண்ணாடி மணி செய்யக் கத்துக்கிறவங்க ஒரு கட்டத்துல கண்டிப்பா கேக்கற கேள்வி இது. டார்ச், அதாவது கண்ணாடி இளக்கற கேஸ் தீக்குழாய், அது முன்னாடி உக்காந்து ஒழுங்காத்தான் செஞ்சோம், கலர் நல்லா வந்துச்சு, உருண்டையா வந்துச்சு, ஆறினதும் டப்பால போட்டு மூடி வச்சோம், ரெண்டு நாள் கழிச்சு திறந்தா நடுவுல பிளந்து கெடக்கு, யாரும் தொடக்கூட இல்லையே, ஏன்? கில்ன்ல, அதாவது கண்ணாடி சுடற சூளைல, தட்டு செய்யறவங்க கேக்கறதும் கிட்டத்தட்ட இதேதான், ஷோகேஸ்ல வச்ச தட்டு ராத்திரில டக்னு சத்தம் கேட்டு ரெண்டாப் போச்சுன்னு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், கண்ணாடி சரியா ஆறல. இந்த ஆற வைக்கிற வேலைக்குப் பேருதான் அனீலிங். மணி, தட்டு, பெண்டன்ட்னு கண்ணாடில சூடு பண்ணி எது செஞ்சாலும் இது இல்லாம வேலை முடியாது, அதனால டார்ச் வாங்கறதுக்கு முன்னாடி, கலர் ராட் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கோங்கன்னு நான் யாரு கேட்டாலும் சொல்வேன்.

முதல்ல ரெண்டு வழியையும் சுருக்கமா சொல்லிடறேன். மணி செய்யறதுக்கு லேம்ப்வொர்க்னு பேரு. ஒரு மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, அதுக்கு மேண்ட்ரல்னு சொல்வாங்க, அதை களிமண் கரைசல் மாதிரி இருக்கிற பீட் ரிலீஸ்ல முக்கி காய வச்சுக்கணும். அப்புறம் டார்ச் தீயில பென்சில் கனத்துக்கு இருக்கிற கண்ணாடி ராடோட நுனியை இளக்கி, கம்பியை உருட்டிக்கிட்டே அது மேல சுத்தணும். ஆறினப்புறம் பீட் ரிலீஸ் பொடியாகி விடும், மணியைக் கழட்டினா உள்ள ஓட்டை ரெடி. இன்னொண்ணு கில்ன்ல செய்யறது. இதுல தீயே கெடையாது, கண்ணாடி ஷீட்டை வெட்டி, துண்டுகளை மேல மேல அடுக்கி, கரண்ட் கில்ன்ல வச்சு ஒண்ணா ஒட்ட வைக்கிறது ஃப்யூஸிங், அப்படி ஒட்டினதை ஒரு அச்சு மேல வச்சு மறுபடி சூடு பண்ணி கிண்ணம் மாதிரி வளைய வைக்கிறது ஸ்லம்பிங்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஐஸ் சரியா 0 டிகிரில உருகும், ஆனா கண்ணாடிக்கு அப்படி உருகற புள்ளின்னு ஒண்ணு கெடையாது. சூடு ஏற ஏற மெதுவா இளகும், இறங்க இறங்க மெதுவா கெட்டியாகும், இந்த நிமிஷம்தான் கெட்டியாச்சுன்னு கோடு போட்டுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு இடம் முக்கியம். ஒண்ணு அனீலிங் பாயிண்ட், அங்க கண்ணாடி வெளில பாக்க முழு கெட்டியாத்தான் இருக்கும், தொட்டா வளையாது, ஆனா உள்ளுக்குள்ள இன்னும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து இருக்கிற இழுபறியைத் தானே சரி பண்ணிக்கும், கால் மணி நேரத்துலயே பெரும்பகுதி போயிடும். இன்னொண்ணு அதுக்குக் கீழ இருக்கிற ஸ்ட்ரெயின் பாயிண்ட். அங்க அந்த நகர்வு கிட்டத்தட்ட நின்னுடும், அதே இழுபறி சரியாக மணிக்கணக்குல ஆகும். அதுக்கும் கீழ போயிட்டா உள்ள என்ன மாட்டிக்கிச்சோ அது மாட்டிக்கிட்டதுதான்.

என்ன மாட்டிக்கும்? ஒரு மணியை தீயிலேருந்து எடுத்து வெளில காத்துல பிடிச்சா, மேல்பக்கம் சட்டுனு ஆறும், நடுப்பக்கம் இன்னும் சூடா இருக்கும், ஏன்னா கண்ணாடி வழியா சூடு ரொம்ப மெதுவாத்தான் வெளில வரும். மேல்பக்கம் முதல்ல கெட்டியாகி இதுதான் என் அளவுன்னு நின்னுடுது. நடுப்பக்கம் அப்புறமா ஆறுது, ஆறும்போது சுருங்கணும், ஆனா சுத்தி இருக்கிற கெட்டிக் கண்ணாடி அதை சுருங்க விடாது. கடைசில எல்லாமே ரூம் சூட்டுக்கு வந்தப்புறமும் நடுப்பக்கம் இழுபட்டுக்கிட்டே இருக்கும், வெளிப்பக்கம் நெருக்கப்பட்டுக்கிட்டே இருக்கும். இதைத்தான் ஸ்ட்ரெஸ்னு சொல்றோம். கண்ணாடி நெருக்கத்தை நல்லா தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால உள்ள இழுபட்டுக்கிட்டு இருக்கிற இடத்துல ஒரு சின்ன கீறல், ஒரு காத்துக் குமிழி, கம்பியை எடுக்கும்போது ஓட்டை ஓரத்துல பட்ட ஒரு சின்ன அடி, ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும், அது நாலு நாள்ல மெதுவா வளர்ந்து ஒரு நேரத்துல டக்னு விட்டுடும். உடனே உடையாம ரெண்டு நாள் கழிச்சு உடையறதுக்கு இதுதான் காரணம்.

இதே ஸ்ட்ரெஸ்ஸை வேணும்னே ஒழுங்கா வச்சா அதுதான் டஃபன்ட் கிளாஸ். கார் பக்கவாட்டுக் கண்ணாடி, பாத்ரூம் கதவுக் கண்ணாடி எல்லாம் சூடு பண்ணி ரெண்டு பக்கமும் ஒரே சீரா வேகமா காத்தடிச்சு ஆற வச்சது, அதனால மேல்பரப்பு முழுக்க நெருக்கத்துல இருக்கும், அடி தாங்கும், ஆனா ஒரு இடத்துல உடைஞ்சா மொத்தமும் பொடிப்பொடியாக் கொட்டிடும். அதை வெட்டவும் முடியாது, அதனால பழைய கார் கண்ணாடி சும்மா கிடைக்குதுன்னு எடுத்துட்டு வந்து கட்டர் வச்சு வெட்டப் பாக்காதீங்க. நம்ம மணில இருக்கிறது இந்த மாதிரி சீரான ஸ்ட்ரெஸ் இல்ல, ஒரு பக்கம் கனமா ஒரு பக்கம் மெல்லிசா, புள்ளி வச்ச இடத்துல ஒரு மாதிரி, ஓட்டை பக்கத்துல ஒரு மாதிரின்னு கண்டபடி இருக்கும்.

அப்ப அனீலிங்னா என்ன பண்றோம்னா, மொத்தக் கண்ணாடியையும் அனீலிங் பாயிண்ட்டுக்குக் கொண்டு வந்து, உள்ளயும் வெளியயும் ஒரே சூடாகற வரைக்கும் அங்கயே நிறுத்தி வைக்கிறோம். அந்த நேரத்துல பழைய ஸ்ட்ரெஸ் எல்லாம் போயிடும். அப்புறம் அங்கேருந்து ஸ்ட்ரெயின் பாயிண்ட்டுக்குக் கீழ போற வரைக்கும் ரொம்ப மெதுவா இறக்கறோம், உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் வராத மாதிரி. நிறைய பேரு நிறுத்தி வைக்கிறதை மட்டும் பண்ணிட்டு கில்னை ஆஃப் பண்ணிடறாங்க, சின்ன மணின்னா தப்பிச்சுடும், கொஞ்சம் கனமான பேப்பர்வெயிட்னா தப்பிக்காது. இறக்கற வேகம்தான் பாதி வேலை.

எவ்வளவு மெதுவான்னு கேட்டா அது கனத்தைப் பொறுத்தது, இங்கதான் புதுசா வர்றவங்க அசந்து போவாங்க. அமெரிக்காவுல போர்ட்லாண்ட்ல இருக்கிற புல்ஸ்ஐ கம்பெனி அவங்க கண்ணாடிக்குக் குடுக்கிற அட்டவணைல, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 482 டிகிரி செல்சியஸ்ல 1 மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 83 டிகிரி வேகத்துல 371 வரைக்கும் இறக்கணும். 12 மில்லிமீட்டர்னா 2 மணி நேரம் நிறுத்தி, ஆரம்பத்துல மணிக்கு 55 டிகிரி. 25 மில்லிமீட்டர்னா 4 மணி நேரம் நிறுத்தி மணிக்கு வெறும் 15 டிகிரி. 50 மில்லிமீட்டர்னா 8 மணி நேரம் நிறுத்தி மணிக்கு 4 டிகிரிகூட இல்ல, 3.8. பாத்தீங்களா, கனம் ரெண்டு மடங்கானா நிறுத்தற நேரம் ரெண்டு மடங்குதான், ஆனா 12 மில்லிமீட்டருக்கு மேல போனா இறக்கற வேகம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காக் குறையுது. கலிஃபோர்னியாவுல பாலோமர் மலைல இருக்கிற 200 இன்ச் டெலஸ்கோப்புக்கு 1934 டிசம்பர்ல கார்னிங் கம்பெனி ஊத்தின கண்ணாடி சுமார் 20 டன், அதை ஆற வைக்க மட்டும் 10 மாசம் ஆச்சு. அதுவும் நம்ம மணியும் ஒரே விதிப்படிதான் ஆறுது.

அடுத்தது சி.ஓ.இ. கண்ணாடி வாங்கப் போனா 33, 90, 96, 104ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். ஒரு டிகிரி சூடு ஏறினா அந்தக் கண்ணாடி எவ்வளவு நீளுதுங்கிற கணக்கு அது, 90ன்னா ஒரு டிகிரிக்கு தன் நீளத்துல ஒரு கோடில 90 பங்கு. கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். 10 சென்டிமீட்டர் துண்டு 480 டிகிரிலேருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது 90 கண்ணாடி 0.4 மில்லிமீட்டர் சுருங்கும், 104 கண்ணாடி 0.47 மில்லிமீட்டர் சுருங்கும். வித்தியாசம் ஒரு தலைமுடி கனம்தான். ஆனா ரெண்டும் உருகி ஒண்ணா ஒட்டிக்கிட்டதுனால ஒண்ணை ஒண்ணு விடாது, அந்தத் தலைமுடி கனத்துக்கு ரெண்டும் இழுத்துக்கிட்டே இருக்கும், கண்ணாடி விரிசல் விட அது தாராளமாப் போதும். முக்கியமா, இந்த ஸ்ட்ரெஸ்ஸை அனீலிங்கால சரி பண்ண முடியாது. எத்தனை மணி நேரம் கில்ன்ல வச்சாலும் ஆறும்போது மறுபடி வந்துடும். அதனால பொருந்தாத ரெண்டு கண்ணாடியை ஒரே மணில, ஒரே தட்டுல சேக்கவே கூடாது.

இத்தாலில முரானோ பாரம்பரியத்துல வர்ற எஃபெத்ரே ராட் 104, மணி செய்யறவங்க அதிகமா எடுக்கிறது அதைத்தான், சீக்கிரம் இளகும், கலரும் அழகு. புல்ஸ்ஐ 90. ஓஷன்சைட்டுங்கிற கம்பெனிக்காரங்களோடது 96. லேப்ல இருக்கிற பீக்கர் மாதிரி போரோசிலிகேட்னா 33, அதுக்கு இன்னும் சூடான டார்ச் வேணும், அனீலிங்கும் 565 டிகிரி பக்கம், முதல் வருஷம் அதைத் தொடாம இருக்கிறது நல்லது. இன்னொண்ணு, நம்பர் ஒண்ணா இருந்தா கண்டிப்பா பொருந்தும்னு நினைக்காதீங்க. அந்த நம்பர் 300 டிகிரிக்குக் கீழ அளந்தது, கண்ணாடி கெட்டியாகற இடத்துல ரெண்டும் எப்படி நடந்துக்கும்னு அது முழுசா சொல்லாது. ஒரே கம்பெனி, பொருந்தும்னு டெஸ்ட் பண்ணிக் குடுத்த கண்ணாடின்னா நம்பலாம், இல்லைன்னா நீங்களே டெஸ்ட் பண்ணுங்க.

டெஸ்ட் எப்படின்னா, எனக்கு இந்த வேலைலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது. லேப்டாப் எல்.சி.டி. ஸ்கிரீன்ல வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைங்க, அதுலேருந்து வர்ற வெளிச்சம் ஏற்கனவே போலரைஸ் ஆனது, அதாவது ஒரே திசைல மட்டும் அதிர்றது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒண்ணை கண்ணு முன்னாடி பிடிச்சு மெதுவா திருப்புங்க, ஒரு கோணத்துல ஸ்கிரீன் மொத்தமா கறுத்துடும், அங்க நிறுத்திக்கோங்க. முதல்ல பசங்களோட ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் ஸ்கேலை ஸ்கிரீனுக்கும் கிளாஸுக்கும் நடுவுல பிடிச்சுப் பாருங்க, வானவில் மாதிரி கலர் கலரா வரி ஓடும், அது அச்சுல வார்க்கும்போது பிளாஸ்டிக்குக்குள்ள மாட்டின ஸ்ட்ரெஸ். இப்ப கண்ணாடித் துண்டைப் பிடிங்க. நல்லா ஆறின கண்ணாடின்னா கறுப்பாவே இருக்கும், துண்டோட ஓரம்கூடத் தெரியாது. ஸ்ட்ரெஸ் இருந்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா, சாம்பலா மினுங்கும். ஒண்ணு கவனிங்க, துண்டை விரலால ரெண்டு நிமிஷம் பிடிச்சிருந்தாக்கூட விரல் பட்ட இடம் லேசா வெளுக்கும், அது உங்க கைச்சூட்டால வந்த தற்காலிக ஸ்ட்ரெஸ், மேஜை மேல வச்சு கொஞ்சம் விட்டுட்டுப் பாத்தா போயிருக்கும்.

பொருத்தம் பாக்கறதுக்கு, ஒரு கிளியர் கண்ணாடிப் பட்டை மேல டெஸ்ட் பண்ண வேண்டிய கலர்ல சின்னச் சின்ன சதுரம் வெட்டி இடைவெளி விட்டு வச்சு, முழுசா உருக்கி, ஒழுங்கா அனீல் பண்ணி, இதே மாதிரி பாருங்க. பொருந்தாத துண்டைச் சுத்தி கிளியர் கண்ணாடில ஒரு வெள்ளை வளையம் தெரியும், எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு மோசம். கூடவே அதே கிளியர் ஷீட்லேருந்து வெட்டின ஒரு துண்டையும் ஓரத்துல வைங்க. அதைச் சுத்தியும் வளையம் வந்தா கலர் மேல தப்பு இல்ல, உங்க அனீலிங்தான் சரியில்லைன்னு அர்த்தம். ஒளி ஊடுருவாத கலர்ல உள்ள பாக்க முடியாது, அதைச் சுத்தி இருக்கிற கிளியர்ல தெரியறதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

இப்ப ஒரு முழு சூட்டுக் கணக்கு பாப்போம். 3 மில்லிமீட்டர் புல்ஸ்ஐ ஷீட் ரெண்டை அடுக்கி ஒரு சின்ன தட்டு. முதல்ல மணிக்கு 222 டிகிரி வேகத்துல 677 வரைக்கும் ஏத்தி அரை மணி நேரம் நிறுத்தறது, இது நடுவுல மாட்டின காத்து வெளில போறதுக்கு. அப்புறம் மணிக்கு 333 வேகத்துல 804 டிகிரி, அங்க 10 நிமிஷம், ரெண்டு ஷீட்டும் ஒண்ணாயிடும், ஓரம் உருண்டு வழவழன்னு வரும். அங்கேருந்து எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா 482க்கு வரணும், ஏன்னா 700லேருந்து 760 டிகிரி பக்கம் ரொம்ப நேரம் இருந்தா மேல்பரப்புல படிகம் கட்டி மங்கிப் போகும், அதுக்கு டீவிட்னு சொல்வாங்க. அப்புறம் மேல சொன்ன 1 மணி நேரம், 83 டிகிரி வேகம், 371ல ஆஃப். ஆஃப் பண்ணினாலும் மூடியைத் திறக்காதீங்க, உள்ள கை பொறுக்கிற சூட்டுக்கு வரட்டும், பெரும்பாலும் அடுத்த நாள் காலைலதான். ஏன் ரெண்டு ஷீட்டுன்னா, முழுசா உருகின கண்ணாடி தன் இஷ்டத்துக்கு விட்டா 6 மில்லிமீட்டர் கனத்துலதான் நிக்கப் பாக்கும், ஒத்தை ஷீட்டு ஓரத்துலேருந்து உள்ள சுருங்கி கோணலாகும், மூணு ஷீட்டு வெளில பரவி ஓடும்.

இப்ப கண்ணாடி மணி விஷயத்துக்கு வருவோம். செஞ்சு முடிச்சதும் தீயோட ஓரத்துல பிடிச்சு உருட்டிக்கிட்டே மொத்த மணியையும் ஒரே சீரான சூட்டுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் தீயிலேருந்து வெளில எடுத்து மேஜைக்கு அடில நிழல்ல பாத்தா சிவப்பு லேசா தெரியும், அது அணையற வரைக்கும் உருட்டிட்டு நேரா சூடா இருக்கிற கில்ன்ல வைக்கணும். சிவப்போட வச்சா பக்கத்து மணில ஒட்டிக்கும், அடில தடம் விழும். எஃபெத்ரேக்கு 510, 520 டிகிரி பக்கம் கில்னை வச்சிருப்பாங்க, கடைசி மணி உள்ள போனப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்தி மெதுவா இறக்குவாங்க. கில்ன் இல்லாதவங்க ஃபைபர் பிளாங்கெட்டுக்குள்ளயோ வெர்மிகுலைட்ங்கிற சூடு தாங்கற கனிமப் பொடிக்குள்ளயோ சொருகி வைப்பாங்க. அது ஆறற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், அனீலிங் ஆகாது. அப்படி வச்சதுல உடையாம தப்பிச்ச மணிகளை சேத்து வச்சு ஒருநாள் கில்ன்ல மெதுவா சூடேத்தி மறுபடி அனீல் பண்ணலாம், அது முழு அனீலிங்தான், குறை ஒண்ணும் இல்ல. ஆனா அது வரைக்கும் அந்த மணியை யாருக்கும் விக்காதீங்க, குடுக்காதீங்க, முக்கியமா குழந்தைங்க கழுத்துல போடாதீங்க. உடைஞ்சா கூரான கண்ணாடிச் சில்லு அது.

இப்ப ஒருத்தர் நியாயமாக் கேப்பாரு, கம்ப்யூட்டர் கன்ட்ரோலர் வச்ச கில்ன் எல்லாம் இல்லாத காலத்துல எப்படி செஞ்சாங்கன்னு. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல, 1945ல தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டின இடம், அங்க செஞ்ச சின்னச் சின்ன கண்ணாடி மணிகள் ரெண்டாயிரம் வருஷம் தாண்டியும் இன்னிக்கு முழுசா கைக்குக் கிடைக்குது. கண்ணாடியைக் குழாயா நீளமா இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனையை மழுக்கற முறை அது, இதே வழில செய்யற ஊர் திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டைல இருக்கு. அந்த மணி ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்னதுல உள்ளுக்கும் வெளிக்கும் பெருசா சூட்டு வித்தியாசமே வராது, ஸ்ட்ரெஸ் மாட்டறதுக்கு இடமே இல்ல, போதாக்குறைக்கு ரெண்டாவது சூட்டுலேருந்து மொத்தமா சேர்ந்து மெதுவா ஆறும். கனத்தோட கணக்கு அங்கயும் அதேதான். நாம செய்யற சுண்டைக்காய் அளவு மணிக்கு அந்த சலுகை இல்ல.

வீட்டுல செய்யறவங்களுக்கு சில விஷயம் சொல்லியே ஆகணும். சின்ன கில்ன் ஒண்ணரைலேருந்து ரெண்டு கிலோவாட் இழுக்கும், 15 ஆம்ப் சாக்கெட்டுல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்துட்டு தனி லைன்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கரண்ட் போயிட்டா பதறி மூடியைத் திறக்காதீங்க, மூடின கில்ன் தானா மெதுவாத்தான் ஆறும், அப்புறம் திரும்ப அனீல் பண்ணிக்கலாம். சமையலுக்குக் குடுத்த சிலிண்டரை டார்ச்சுக்கு எடுக்கக் கூடாது, சட்டப்படியும் தப்பு, அதுக்குன்னு இருக்கிறதை வாங்குங்க, ரூம்ல புகை வெளில இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனும் வெளிக்காத்து உள்ள வர்ற வழியும் ரெண்டும் இருக்கணும். கண்ணாடி தீயில பட்டதும் சோடியத்தால மஞ்சளா ஜொலிக்கும், மணி எங்க இருக்குன்னே தெரியாது, அந்த மஞ்சளை வடிகட்டத்தான் டிடைமியம் கண்ணாடி, சாதா கூலிங் கிளாஸ் அதுக்கு உதவாது. கண்ணாடி ஒட்டாம இருக்க கில்ன் ஷெல்ஃப்ல பூசின கில்ன் வாஷ் பூச்சைச் சுரண்டும்போது என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு ஈரப்படுத்திச் சுரண்டுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்ல.

எதை முதல்ல வாங்கறதுன்னு கேட்டா, என்னோட பதில் கன்ட்ரோலர் வச்ச ஒரு சின்ன கில்ன். டார்ச்சை அப்புறம் வாங்கிக்கலாம். கில்ன் இருந்தா அன்னிக்கே ஜன்னல் கண்ணாடி கடைல மிச்சம் கிடக்கிற துண்டு வச்சு ஆரம்பிக்கலாம், ஆனா எல்லாத் துண்டும் ஒரே ஷீட்லேருந்து வெட்டினதா இருக்கணும், ரெண்டு கடை கண்ணாடியைக் கலக்காதீங்க. ஜன்னல் கண்ணாடி உருக 820லேருந்து 840 டிகிரி வரைக்கும் போகணும், அனீலிங் 540, 550 பக்கம், டீவிட் சீக்கிரம் பிடிக்கும், அதனால இறங்கும்போது 700ஐ வேகமாத் தாண்டணும். ரெண்டு துண்டை அடுக்கி ஒரு தடவை ஒழுங்கா ஆற வைங்க, அதே அளவு இன்னொண்ணை அனீலிங் நிறுத்தம் இல்லாம வேகமா ஆற விடுங்க, ஆறினதும் ரெண்டையும் அந்த லேப்டாப் ஸ்கிரீன் முன்னாடி பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பாருங்க.